பழைய கட்டுரைகளைக் கொடுத்து முனைவர் பட்டம் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 44 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் 18 வருடமாக வேலை செய்கிறேன். நூறு நாள் வேலை, பெண்களின் கூலி, அங்கன்வாடி பற்றி ஆங்கிலத்தில் ஆறு கட்டுரைகள் வெளியாகியிருக்கின்றன. அதில் மூன்று, இன்னும் இருவரோடு சேர்ந்து எழுதியவை. இவற்றையே கொடுத்து வளர்ச்சி ஆய்வியலில் முனைவர் பட்டம் வாங்கலாம் என்கிறார் ஒரு தோழி. உண்மையா? முதலில் இருந்து தொடங்கத் தெம்பில்லை.
(ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: உண்மைதான். நானே அந்த வழியில் வந்தவள். 2016-ல், 49 வயதில், பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஏழு கட்டுரைகளைக் கொடுத்துப் பட்டம் வாங்கினேன்.

இந்தியாவில் இதற்கு வழி இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி பதிவு செய்து, வகுப்புகளை முடித்து, குறைந்தது 3 வருடம் இருந்தாக வேண்டும். வேலையை விடாமல் பகுதி நேரமாகச் சேரலாம், அலுவலகத்தின் தடையின்மைக் கடிதம் வேண்டும். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் முன்பே வெளியான ஆய்வுகளுக்குப் பட்டம் தருகின்றன. ஆனால் எல்லாருக்கும் கதவு திறக்காது. கேம்பிரிட்ஜில் அது அங்கே படித்துப் பட்டம் பெற்றவர்களுக்கான வழி. வேறு சில இடங்களில் அங்கே வேலை செய்பவர்களுக்கும் உண்டு, இன்னும் சில இடங்களில் வெளியாட்களையும் சேர்க்கிறார்கள். நான் தொண்ணூறுகளில் உதவித்தொகையில் முதுகலை படித்த இடம் என்பதால்தான் எனக்குக் கிடைத்தது. அதனால் முதலில் 'நான் விண்ணப்பிக்கலாமா' என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பட்டத்தை வைத்து இங்கே கல்லூரி வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டுப் பட்டங்களின் இணைத்தகுதிக்காக மானியக் குழு 2025-ல் கொண்டுவந்த விதிகளைக் கட்டணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள்.

சரி, இனி உங்கள் தோழி சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரைகளை அடுக்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. அவை எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் கோக்கும் நீண்ட கட்டுரை ஒன்றைப் புதிதாக எழுத வேண்டும். பல்கலைக்கழகத்தைப் பொறுத்து ஐயாயிரம் சொல்லும் கேட்பார்கள், இருபதாயிரமும் கேட்பார்கள். எனக்கு அதற்கு 11 மாதம் ஆனது. என் ஆய்வு சிவகங்கைக் கண்மாய்கள் பற்றியது. 2001-ல் வந்த முதல் கட்டுரை மீன் குத்தகை பற்றி. அடுத்தது நீர்க்கட்டியின், அதாவது மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் ஊர்ப் பணியாளரின், கூலி. அப்புறம் கரை மரங்களின் ஏலம். எல்லாம் தண்ணீரைப் பற்றியவை என்றுதான் 15 வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழையும் வரிசையாக வைத்துப் படித்தபோதுதான் தெரிந்தது, எல்லாவற்றிலும் நான் கேட்டது ஒரே கேள்வி: ஊர்க் கூட்டத்துக்கு யாரை அழைக்கவில்லை? அந்த ஒரு கேள்வி கிடைத்த பிறகுதான் கை ஓடியது. உங்கள் ஆறு கட்டுரைகளுக்குள்ளும் அப்படி ஒரு கேள்வி இருக்கும். அதைத் தேடும் வேலைதான் இந்தப் பட்டத்தின் பெரும்பகுதி, அதற்குத் தெம்பு வேண்டும்.

கூட்டாக எழுதிய மூன்றைப் பற்றி உடனே யோசியுங்கள். ஒவ்வொன்றிலும் களப்பணி யார், பகுப்பாய்வு யார், முதல் வரைவு யார் என்று இணையாசிரியர்கள் கையெழுத்திட்ட கடிதம் கேட்பார்கள். என் இணையாசிரியர் ஒருவர் ஓய்வு பெற்று ஊர் மாறியிருந்தார். அவரைத் தேடிப் பிடிக்க நான்கு மாதம். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே, "இந்தக் கட்டுரையில் எந்தப் பகுதி உங்களுடையது?" நான் பழைய களக்குறிப்பு நோட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதைப் புரட்டிக் காட்டித்தான் பதில் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கு கிராமங்களில் 212 வீடுகளுக்கு நடந்து நான் எடுத்த கணக்கில் எழுதப்பட்ட ஒரு கட்டுரையில் என் பெயர் நன்றியுரையில் மட்டும் இருக்கிறது. அதை நான் சமர்ப்பிக்க முடியவில்லை. இன்றும் அது வலிக்கிறது. உங்கள் அலுவலகத்தில் களப்பணி செய்யும் இளம்பெண்கள் இருப்பார்கள். அடுத்த கட்டுரையில் அவர்கள் பெயர் எங்கே வரும் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி என்ற ஆய்விதழில் ஏதாவது வந்திருந்தால், அது ஆய்வுக் கட்டுரைப் பகுதியில் வந்ததா, கருத்துரைப் பகுதியில் வந்ததா என்று பாருங்கள். இரண்டின் எடையும் வேறு. எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகப் பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். அப்படி ஒரு கட்டுரை உள்ளே இருந்தால் மற்ற எல்லாவற்றின் மீதும் சந்தேகம் விழும்.

கேள்வி: என்னிடம் ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றுகூட இல்லை. நிதி கொடுத்த அமைப்புகளுக்கு எழுதிய அறிக்கைகள் மட்டும் பதினாறு. இவை செல்லுமா?
(ஒரு வாசகர், தருமபுரி)

பதில்: அறிக்கைகளை மட்டும் வைத்துப் பட்டம் கிடைப்பது மிகக் கடினம். துறை அறிஞர்கள் படித்து மதிப்பிட்ட எழுத்தைத்தான் பெரும்பாலும் ஏற்பார்கள். ஆனால் பதினாறு அறிக்கைகள் என்றால் பல வருடக் களம் உங்கள் கையில் இருக்கிறது. தரவு யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள், எழுத்தில் அனுமதி வாங்குங்கள், சிறந்த மூன்றைக் கட்டுரையாக மாற்றுங்கள். தகவல் தந்த ஊர்க்காரர்களிடம் அப்போது என்ன காரணம் சொல்லிக் கேட்டீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். திட்ட அறிக்கைக்கு என்று சொல்லி வாங்கியிருந்தால், ஒருமுறை நேரில் போய் மறுபடி கேட்டுவிட்டு வாருங்கள்.