பூ நிற்கத் தெளித்த மருந்தே பூவைக் கொட்டிவிட்டது, ஏன்?

கேள்வி: மிளகாய் நட்டு 60 நாள் ஆகிறது. பூ உதிர்வை நிறுத்த 4.5 சதவீத என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கி மருந்து வாங்கி, 10 லிட்டர் டேங்குக்கு ஒரு மூடி, அதாவது சுமார் 25 மி.லி., ஊற்றித் தெளித்தேன். மறுநாளே இலைகள் கீழ்ப்பக்கமாக வளைந்து தொங்கின. மூன்றாம் நாள் பூ, மொட்டு எல்லாம் கொட்டிவிட்டது. மருந்து போலியா?

பதில்: போலியாக இருந்திருந்தால் உங்கள் செடி தப்பித்திருக்கும். மருந்து நன்றாகவே வேலை செய்திருக்கிறது, அளவுதான் தப்பு. 4.5 சதவீதம் என்றால் ஒரு மி.லி.யில் 45 மில்லிகிராம். நீங்கள் ஊற்றிய 25 மி.லி.யை 10 லிட்டரில் கரைத்தால் 112 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 112 மில்லிகிராம் வருகிறது. மிளகாய்க்குத் தேவை 10 பி.பி.எம்., டேங்குக்கு இரண்டேகால் மி.லி. போதும்.

'பூவை நிறுத்துவதும் உதிர்ப்பதும் ஒரே மருந்தா?' என்று தோன்றும். ஆமாம், ஒன்றேதான். ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் செடி தானே தயாரிக்கிறது, என்.ஏ.ஏ. அதன் செயற்கை வடிவம். வளர்ச்சிக்கான மரபணுக்கள் செல்லின் உட்கருவில் எப்போதும் தயாராகத்தான் இருக்கின்றன. ஒரு புரதம் கடிவாளம் மாதிரி அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும். ஆக்சின் உள்ளே வந்ததும் டி.ஐ.ஆர்.1 என்ற ஏற்பியின், அதாவது ஆக்சினைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தின், குழியில் போய் உட்கார்ந்து, அந்தக் கடிவாளப் புரதத்தை ஏற்பியோடு பசை போல ஒட்ட வைக்கிறது. ஒட்டியதைச் செல் குப்பை என்று குறித்துச் சிதைத்துவிடும். கடிவாளம் போனதும் மரபணுக்கள் சில நிமிடங்களிலேயே வேலையைத் தொடங்கிவிடும். டி.ஐ.ஆர்.1தான் ஆக்சினின் ஏற்பி என்று 2005-இல்தான் உறுதியானது.

இங்கேதான் சிக்கல். ஆக்சின் எழுப்பும் மரபணுக்களில் எத்திலீன் தயாரிக்க உதவுபவையும் உண்டு. எத்திலீன் என்பது பூ, இலை உதிர்வதைத் தூண்டும், செடியே தயாரிக்கும் வாயு. பூக்காம்பு செடியோடு சேரும் இடத்தில் சில வரிசைச் செல்கள் உதிர்வதற்கென்றே இருக்கின்றன. பூவிலிருந்து ஆக்சின் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும் வரை அவை எத்திலீனைக் கண்டுகொள்வதில்லை, பூ நிற்கும். ஆக்சின் வெள்ளமாய் வந்தால் எத்திலீனும் பெருகுகிறது. அப்போது அந்தச் செல்கள் தங்கள் சுவரையே கரைக்கும் நொதிகளைச் சுரக்க, காம்பு கழன்றுவிடும். இலை தொங்கியதற்கும் எத்திலீன்தான் காரணம். இலைக்காம்பின் மேல்பக்கச் செல்கள் கீழ்ப்பக்கத்தைவிட வேகமாக நீண்டதால் இலை குனிந்துவிட்டது. செடி தன் சொந்த ஆக்சினைச் சீக்கிரம் உடைத்துவிடும். என்.ஏ.ஏ. அவ்வளவு சுலபமாக உடையாது. அதனால் நிலைமை சரியாகக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். சிலந்திப்பேன் தாக்கினாலும் மிளகாய் இலை கீழ்நோக்கிச் சுருளும். ஆனால் அது அங்கங்கே தொடங்கி மெதுவாகப் பரவும், வயல் முழுக்க ஒரே நாளில் வராது. எதற்கும் நுனி இலையின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இலை குறுகி, நரம்புகள் இணைகோடுகளாய் நெருங்கியிருந்தால் டேங்கில் முன்பு 2,4-டி களைக்கொல்லி கலந்தீர்களா என்று யோசியுங்கள். அதுவும் செயற்கை ஆக்சின்தான், மிச்சம் கொஞ்சம் இருந்தாலே மிளகாய் தாங்காது.

இப்போதைக்கு எந்த டானிக்கும் அடிக்க வேண்டாம். இதை முறிக்கிறேன் என்று ஜிப்ரலிக் அமிலம் என்ற இன்னொரு வளர்ச்சி ஊக்கியை அடிப்பவர்களும் இருக்கிறார்கள், அந்த வேலையே வேண்டாம். நீரைச் சீராகக் கொடுங்கள், தழைச்சத்தைக் கூட்டாதீர்கள். புதுத்துளிர் நேராக வந்தால் மருந்தின் வேகம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த பூக்கொத்து வரட்டும், அப்புறம் 10 பி.பி.எம்.மில் மாலை வேளையில் ஒருமுறை தெளிக்கலாம். அதற்கு முன்னால் பூ முதலில் ஏன் உதிர்ந்தது என்று பாருங்கள். கடும் வெயில், நீர்க்குறை, இலைப்பேன் இதில் எது காரணமானாலும் என்.ஏ.ஏ. பெரிதாக உதவாது. அளக்க மூடி வேண்டாம், ஊசி போடும் சிரிஞ்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.