வஞ்சினம் எடுத்தவன் பூசாரியைக் கேட்க வேண்டுமா?

கேள்வி: ஞாயிறு மதியம் எங்கள் வீட்டு மாடியில் ஐந்து பேர் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகிக் கதை நடத்தும் ஆட்டம். நான் பாலடின், அதாவது சபதம் எடுத்துச் சக்தி பெற்ற வீரன்; எடுத்தது பழிவாங்கும் சபதம். ஊரைக் கொளுத்திய கொள்ளைத் தலைவன் ஒரு கோயிலுக்குள் ஒளிந்துகொண்டான். 'இவன் என் அடைக்கலம், நான் விசாரிக்கிறேன்' என்றார் தலைமைப் பூசாரி. நான் அவனை வெளியே இழுத்து வந்து வெட்டிவிட்டேன். கிளெரிக், அதாவது தெய்வ சக்தியால் காயம் ஆற்றும் பூசகர் பாத்திரம் ஆடும் நண்பன், 'பூசாரி பேச்சை மீறிட்டே, உன் சக்தியெல்லாம் போகணும்' என்கிறான். நாயன்மார் சண்டேசர் பெற்ற அப்பாவின் காலையே வெட்டினாரே, யாரைக் கேட்டார்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: சக்தி போகாது. உங்கள் நண்பர் ஆட்ட விதிநூலின் பழைய பதிப்புகளின் நினைப்பில் பேசுகிறார். 1975-ல் பாலடின் இந்த ஆட்டத்துக்குள் வந்தபோது நெறி தவறினால் எல்லாம் போச்சு என்பதுதான் சட்டம். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அவனுடைய பலம் தெய்வத்திடமிருந்து வருகிற அளவுக்கு நீதியின் மேல் அவன் வைத்த பற்றிலிருந்தும் வருகிறது. பூசாரி கொடுக்காததைப் பூசாரி எப்படிப் பிடுங்குவார்? சபதத்தையே உடைத்தால்தான் கிளெரிக்கிடமோ சக பாலடினிடமோ போய் மன்னிப்புக் கேட்கிற வழக்கம்.

இதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது, வஞ்சினம்: இதைச் செய்யாவிட்டால் எனக்கு இன்ன கேடு வரட்டும் என்று எடுக்கிற சபதம். உங்கள் ஊரிலிருந்து குடவாசல் பக்கம் போனால் தலையாலங்கானம் வரும். அங்கே நடந்த போரை வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன், புறநானூறு 72-ல், பகைவரை வெல்லாவிட்டால் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், இரப்பவருக்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும் என்கிறான். எந்தக் கோயிலிலும் உத்தரவு வாங்கவில்லை. ஆனால் கயிறு அவன் கழுத்தில்தான் இருக்கிறது.

அதனால் உங்களைக் கேட்க வேண்டியது வேறு. 2014 பதிப்பின்படி பழிவாங்கும் சபதத்தில் நாலு கூறு உண்டு. கொடியவனுக்கு இரக்கமில்லை, எந்த வழியானாலும் சரி என்ற இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்கள். பெரிய தீமையை முதலில் எதிர்க்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. கொள்ளைக்காரனை ஏவியது யார் என்று ஒரு வார்த்தை கேட்பதற்குள் ஆளை முடித்துவிட்டீர்கள். நாலாவது, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடுசெய்வது. எரிந்த ஊருக்குத் திரும்பிப் போனீர்களா, ஒரு கூரையாவது வேய்ந்தீர்களா? இவ்வளவு எழுதியவர் அந்த ஊரின் பெயரைக்கூட எழுதவில்லை! அந்தச் சபதம் தரும் சக்தியை, அதே பதிப்பின்படி, 10 அடிக்குள் நிற்கிற ஒருத்தன்மேல் ஏவினால் ஒரு நிமிடம் இருக்கும், அவ்வளவுதான். மிச்ச நேரத்தில் பாலடினுக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்கள்?

சண்டேசரை இதற்குள் இழுக்காதீர்கள். அவர் வெட்டியது பூசை நடுவே, அப்பா பால் குடத்தை உதைத்த அந்தக் கணத்தில். நீங்கள் அடைக்கலம் புகுந்தவனை இழுத்து வந்திருக்கிறீர்கள். சக்தி போகாவிட்டாலும் அந்தக் கோயில் கதவு இனி உங்களுக்குத் திறக்காது, அப்படி வைக்க ஆட்டம் நடத்துபவருக்கு முழு உரிமை உண்டு. உங்கள் கிளெரிக் நண்பரும் அடுத்த ஞாயிறு காயம் ஆற்ற மாட்டேன் என்று முறுக்கிக்கொள்ளலாம். இப்போதே நாலைந்து மருந்துக் குப்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.