ஹெட்லைட் அடித்தால் சண்டையா?

கம்ப்யூட்டர் கேள்வி பதில், குன்னூரிலிருந்து

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விளையாட்டைப் பற்றியவை: 'டோக்கியோ எக்ஸ்ட்ரீம் ரேசர்'. ஜப்பானின் கெங்கி நிறுவனம் செய்தது. 2025 ஜனவரியில் முன்னோட்டப் பதிப்பாக, கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வந்து, செப்டம்பரில் முழுதாக வெளியானது. ராத்திரி நேரத்து டோக்கியோவில், மேம்பால விரைவுச்சாலையில் கார் ஓட்டிச் சண்டை போடுவதுதான் மொத்த விளையாட்டும். பிரிண்டர், பாஸ்வேர்டு கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, எல்லாரும் ஆஹா ஓஹோ என்கிறார்களே என்று வாங்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே ரோடு! சுற்றிச் சுற்றி அதே பாலம், அதே சுரங்கம். ஃபோர்ஸா ஹொரைசன் 5இல் மெக்சிகோ முழுக்க ஓட்டிவிட்டு இதற்கு வந்தால் மூச்சு முட்டுகிறது. எதற்கு இவ்வளவு கொண்டாட்டம்?
*கல்லூரி மாணவர், ஊட்டி*

பதில்: ஒரே ரோடு என்பதைத்தான் நான் இந்த விளையாட்டின் சொத்தாக நினைக்கிறேன், தம்பி. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் சுற்றிவரும் அந்த வளையத்துக்குப் பெயர் சி1. நிஜமாகவே டோக்கியோவின் நடுவில் இருக்கிறது, ஒரு சுற்று ஏறக்குறைய 15 கிலோமீட்டர். டோக்கியோ விரைவுச்சாலையின் முதல் துண்டு 1962இல் திறக்கப்பட்டது. 1964இல் ஒலிம்பிக் வரப்போகிறது, ஊரிலோ கார் பெருத்துவிட்டது, நிலம் வாங்க நேரமும் இல்லை, காசும் இல்லை. ஆறு, கால்வாய், ஏற்கெனவே இருந்த தெரு, இவற்றின் மேலேயே தூண் நட்டு ரோட்டைக் கொண்டுபோனார்கள். ஆறு வளைந்த இடத்தில் ரோடும் வளைந்தது. அதனால்தான் விரைவுச்சாலை என்று பெயர் வைத்துக்கொண்டு, அதன் பெரும்பகுதியில் வேக வரம்பு 50தான். ஓரம் ஒதுங்க இடமில்லை. இணைப்புச் சாலை சில இடங்களில் வலது பக்கத்திலிருந்து வந்து சேரும், அதுவும் வேகமான தடத்தில். ராத்திரியில் அங்கே நிஜமாகவே வட்டமடித்த கூட்டத்துக்கு ஜப்பானில் 'ருலெட் கூட்டம்' என்று பெயர். போலீஸ் விரட்டி விரட்டிப் பிடித்தது.

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். 14 கொண்டை ஊசி வளைவுக்கும் எண் எழுதிய பலகை இருக்கிறது. அவர் ஒன்றைக்கூடப் பார்க்க மாட்டார். எந்தப் பாறைக்கு அடியில் மழை விட்ட பிறகும் தண்ணீர் கசிந்து ரோடு வழுக்கும், எந்த வளைவில் பஸ்ஸின் வாலுக்கு இடம் விட்டு அகலமாக எடுக்க வேண்டும், பர்லியாறு பழக்கடைகளுக்கு முன்னால் எந்த இடத்தில் டூரிஸ்ட் கார் திடீரென்று நிற்கும், எல்லாம் கைக்கு வந்துவிடும். வளைவு கண்ணில் படும் முன்பே கை ஹாரனுக்குப் போயிருக்கும். என் அப்பா பச்சைத்தேயிலை லாரி ஓட்டியவர். பேசிக்கொண்டே ஓட்டுவார், குறிப்பிட்ட இரண்டு வளைவுகளில் மட்டும் பேச்சு பாதியில் நிற்கும், தாண்டியதும் விட்ட சொல்லிலிருந்து தொடரும்.

அந்தப் பழக்கத்தை ஒரு விளையாட்டுக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் ஒரே ரோட்டைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டவிட வேண்டும். மெக்சிகோவில் நீங்கள் சுற்றுலாப் பயணி. ஒரு ரோட்டை ஒரு தடவை பார்த்து, "அருமை" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறீர்கள். இங்கே கொஞ்ச நாளில் சுரங்கம் முடியும் இடத்தில் எந்தத் தூணைப் பார்த்து பிரேக் பிடிப்பது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நடுவில் ஒரு கட்டம் இழுவைதான், ஒத்துக்கொள்கிறேன். காசு சேர்க்கவே ஓட்டுவது போலிருக்கும். மற்றவர்களோடு ஆன்லைனில் மோத வழியில்லை என்று இன்னும் சிலர் எழுதியிருக்கிறார்கள், அதுவும் நியாயம். ரோட்டைக் குறை சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: வணக்கம் சார். நான் டாக்ஸி ஓட்டுகிறேன். பையன் இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்து, "ஓட்டுங்கப்பா, பார்க்கலாம்" என்றான். முன்னால் போகிற காரிடம் வழி கேட்டு லைட் அடித்தேன். அவன் சண்டைக்கு வந்துவிட்டான்! பையன் சிரிக்கிறான். நான் என்ன தப்பு செய்தேன்?
*வாடகைக் கார் ஓட்டுநர், கூடலூர்*

பதில்: ஒரு தப்பும் இல்லைங்க. மலையில் ஓட்டிய எல்லாரும் முதல் நாள் இதையேதான் செய்கிறார்கள். நமக்கு லைட் அடிப்பது என்றால் "வருகிறேன், பார்த்துக்கோ", இல்லை "நான் நிற்கிறேன், நீ ஏறு". இந்த விளையாட்டில் பின்னால் போய் ஹெட்லைட் அடித்தால் "வா, மோதிப் பார்க்கலாம்" என்று அர்த்தம். வழி வேண்டுமென்றால் சும்மா பக்கத்துத் தடத்தில் முந்திப் போங்கள்.

அந்தச் சண்டை நடக்கும் விதம்தான் ரசிகர்கள் பெரிதும் பேசுவது. முடிவுக்கோடு கிடையாது. இருவருக்கும் மேலே ஆளுக்கொரு பட்டை இருக்கும், 'ஸ்பிரிட் பாயின்ட்' என்பார்கள், நெஞ்சுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பவனின் பட்டை கரையும். இடைவெளி கூடக் கூட வேகமாகக் கரையும். சுவரில் உரசினாலும் குறையும். யாருடையது காலியாகிறதோ அவன் தோற்றான். சில சண்டை இரண்டு வளைவில் முடியும், சிலது பாதி வளையத்துக்கு இழுக்கும்.

அதாவது ஒட்டிக்கொண்டு பின்னால் வருபவன் இங்கே தோற்றுக்கொண்டிருக்கிறான். நம்ம ரோட்டில் ஹைபீம் போட்டுப் பின்னாலேயே வரும் வெளியூர் காருக்கு இப்படி ஒரு பட்டை வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஒன்று உங்களுக்குப் பிடித்திருக்கும். ஜப்பானிலும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலது பக்கம். அமெரிக்க ஊர்களை வைத்துச் செய்த விளையாட்டுகளில் எதிர்த்தடத்துக்குப் போய்விடும் கை இதில் தானாக உட்காரும்.

கேள்வி: அண்ணா, என் காரை விட மற்ற கார்கள் எல்லாமே வேகம். ஒரு தடவை பின்னால் விழுந்தால் பட்டை கரைந்துகொண்டே போகிறது, பிடிக்கவே முடியவில்லை. கன்ட்ரோலரை எறிந்துவிடலாம் போலிருக்கிறது.
*பிளஸ் டூ மாணவி, கோத்தகிரி*

பதில்: எறிய வேண்டாம், கன்ட்ரோலர் விலை உங்களுக்கே தெரியும். எங்கே லைட் அடிக்கிறீர்கள் என்பதை மாற்றுங்கள். சண்டையை ஆரம்பிக்கும் இடம் உங்கள் கையில் இருக்கிறது. கடல் ஓரமாகப் போகும் வாங்கான் தடம் நீளமான நேர் ரோடு, அங்கே குதிரைசக்தி அதிகமானவன்தான் ஜெயிப்பான். சின்ன வண்டியை வைத்துக்கொண்டு அங்கே வம்புக்குப் போகாதீர்கள். சி1 உள்வளையத்தில், நெருக்கமான வளைவுகள் தொடங்குவதற்குச் சற்று முன்னால் லைட் அடியுங்கள். முன்னால் லாரி போய்க்கொண்டிருந்தால் இன்னும் விசேஷம். அவன் தடம் மாறத் தடுமாறும்போது நீங்கள் முன்னால் போய்விடலாம்.

அப்புறம் பிரேக். வளைவுக்குள் போய் மிதிப்பவர்கள்தான் சுவரில் உரசுகிறார்கள். நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் ஆக்ஸிலேட்டரை மெதுவாகக் கொடுத்து வெளியே வாருங்கள். ஜெயித்துக் கிடைக்கும் புள்ளிகளைச் சேர்த்து வைக்காமல் திறன் மரத்தில், அதாவது புதுத் திறன்களைக் கிளை கிளையாகத் திறக்கும் பட்டியலில், போட்டுவிடுங்கள். நல்ல பாகங்களைப் பொருத்தவே அதில் சில கிளைகளைத் திறந்திருக்க வேண்டும், கையில் காசு மட்டும் இருந்தால் போதாது.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. இதை விளையாடிய நாளிலிருந்து அவன் அப்பாவின் பைக் சாவி மேலேயே கண். விளையாட்டை நிறுத்திவிடலாமா?
*ஓர் அம்மா, குன்னூர்*

பதில்: சாவியை நிறுத்துங்கள், அம்மா. விளையாட்டு இருக்கட்டும்.

சட்டத்தை அவனிடமே வாசிக்கச் சொல்லுங்கள். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டிக்காரர் மேல் வழக்கு: 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டிய பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. முதல் இரண்டை நீங்கள் எடுத்துச் சொன்னால் காதில் விழாது. கடைசியில் சொன்னது அவனுக்கு நன்றாகக் கேட்கும்.

ஆர்வம் உண்மை என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. மலையிறங்கினால் கோவை, செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2005இல் ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர்தான். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டருக்கு ரோட்டை அடைத்து, விளக்குப் போட்டு, ராத்திரியில் ஃபார்முலா 4 நடத்தினார்கள். தெருவில் ரேஸ் என்றால் இப்படித்தான்: இரண்டு பக்கமும் தடுப்பு, ஆம்புலன்ஸ் தயாராக, எதிரே ஒரு பால் வண்டிகூட வராமல். அடுத்த பந்தயம் கரியில் எப்போது என்று விசாரித்து ஒருநாள் அழைத்துப் போங்கள். டயர் சூடேறும் வாசனையும் இன்ஜின் சத்தமும் அவன் கம்ப்யூட்டரில் கிடைக்காதவை.

கேள்வி: டோக்கியோ மேம்பாலம் எல்லாம் சரி. மலை ரோட்டில் ஓட்டுகிற விளையாட்டு எதுவும் இல்லையா? வத்தலகுண்டிலிருந்து ஏறி வருகிறவனுக்கு நேர் ரோடு ருசிக்கவில்லை.
*ஹோட்டல் ஊழியர், கொடைக்கானல்*

பதில்: இருக்கிறது. 2006இல் வந்த 'நீட் ஃபார் ஸ்பீட் கார்பன்' பழசுதான், ஆனால் மலைக்காரர்கள் ஒருமுறையாவது ஆட வேண்டியது. பெரிய தலைகளோடு மோதும்போது மலைப்பாதைக்குக் கூட்டிப்போவார்கள். முதல் ஓட்டத்தில் அவன் பின்னால் எவ்வளவு நெருங்கிப் போகிறீர்களோ அவ்வளவு புள்ளி. அடுத்த ஓட்டத்தில் அவன் உங்கள் பின்னால். முதல் ஓட்டத்திலேயே அவனை முந்திப் போய் 10 விநாடி முன்னாலேயே இருந்துவிட்டால் அங்கேயே வெற்றி. தடுப்பை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தால் கதை முடிந்தது. புதிதாக வேண்டுமென்றால் 2025 மே மாதம் வந்த 'ஜாப்பனீஸ் டிரிஃப்ட் மாஸ்டர்'. அதில் வழுக்கிக்கொண்டு திரும்புவதுதான் வேலை.

ஆனால் எந்த விளையாட்டிலும் நம்ம மலை முழுதாக இல்லை. முதல் குறை, இறக்கம். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவு. ஏறலாம், ஆனால் வெளியூர் வண்டிகளை ஊட்டியிலிருந்து அந்த வழியாக இறங்க விடுவதில்லை. காரணம் பிரேக். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். சமவெளியிலிருந்து வருபவர் நியூட்ரலில் விட்டுவிட்டு, மிதித்துக்கொண்டே இறங்குவார். கருகிய வாசனை வரும், பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. இப்படி ஜாலியாக ஓட்டும் தெரு ரேஸ் விளையாட்டுகளில் பெரும்பாலும் பிரேக் சூடாவதே இல்லை. இரண்டாவது குறை, எதிரே வரும் வண்டி. டோக்கியோ வளையத்தில் ஒவ்வொரு திசைக்கும் தனிப் பாதை, அதனால் எதிரே யாரும் வர மாட்டார்கள். பனிமூட்டத்தில், வளைவில், அரசு பஸ்ஸின் மூக்கு திடீரென்று தெரிவதை எவனாவது நிரலாக எழுதட்டும், முதல் ஆளாக நான் வாங்குகிறேன்.

கேள்வி: 'மோஸ்ட் வான்டட்' போல ஒன்று இனி வருமா?
*பழைய ரசிகர், வெலிங்டன்*

பதில்: 'நீட் ஃபார் ஸ்பீட்' வரிசையில் 2005இல் வந்தது. ஒவ்வொருவராகத் தோற்கடிக்க வேண்டிய 15 பேர் கொண்ட கறுப்புப் பட்டியல், நீலமும் வெள்ளியுமாக அந்த பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர். என் கடை பிரவுசிங் சென்டராக இருந்த காலத்தில் ஒரு மெஷினில் அது ஓடினால் மற்ற மெஷின்காரர்கள் எழுந்து வந்து பின்னால் நிற்பார்கள். போலீஸ் துரத்தல் அதில் இருந்த மாதிரி அப்புறம் எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. டோக்கியோவில் அதைத் தேடாதீர்கள், இது வேறு ஜாதி.

கேள்வி: என் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. டோக்கியோ எக்ஸ்ட்ரீம் ரேசர் ஓடுமா? காசு வீணாகிவிடுமோ என்று பயம்.
*தேயிலைத் தொழிற்சாலை ஊழியர், மஞ்சூர்*

பதில்: அன்ரியல் இன்ஜின் 5இல் செய்தது, தனி கார்டு இல்லாமல் திணறும். முதலில் ஸ்டீம் பக்கத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தேவையை உங்கள் மெஷினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியும் சந்தேகம் தீராமல் வாங்கினால், வாங்கிய 14 நாளுக்குள், மொத்தம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். டவுன்லோடு ஆகும் நேரம் அந்த 2 மணியில் சேராது. ஆனால் விளையாட்டைத் திறந்து வைத்துவிட்டு செட்டிங்ஸை நோண்டிக்கொண்டிருக்கும் நேரம் சேரும். எனவே திறந்ததும் கிராபிக்ஸ் எல்லாவற்றையும் கீழ்மட்டத்தில் வைத்து, நேராக ரோட்டுக்குப் போங்கள். கார்கள் நிறைய இருக்கும் இடத்தில் படம் விட்டுவிட்டு ஓடினால், டீ குடிக்க எழுந்திருப்பதற்கு முன் மூடிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.