ஒரு வாரத்தில் நின்றுபோன நடை

வணக்கம் ஐயா. நீரிழிவுக்காகச் சுங்கை சிப்புட் திடலில் மாலை நடைக்குப் போய்வந்த உங்கள் அப்பா, மழையைக் காரணம் காட்டி ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். 30 ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டியவருக்குத் திடலைச் சுற்றுவது வீண் வேலையாகத்தான் தோன்றும். ஆகவே இத்தனை மணிக்கு என்ற கணக்கை விட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்த கையோடு 10 நிமிடம், மழையென்றால் கடைவரிசை முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையான அஞ்சடியில், நீங்களும் உடன் நடந்து பாருங்கள். வாரத்திற்கு 150 நிமிடம் என்ற இலக்கை மெல்ல எட்டலாம். ஆனால் உடற்பயிற்சியால் கூடும் இன்சுலின் உணர்திறன், அதாவது இன்சுலினுக்கு உடல் இசைந்து சர்க்கரையைப் பயன்படுத்தும் திறன், ஓரிரு நாளில் தணிந்துவிடுவதால், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்கிளசைடு மாத்திரையோ எடுப்பவரானால் நடக்கும்போது சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம்; சட்டைப்பையில் மிட்டாய் இருக்கட்டும். கிளம்பும் முன் இரத்தச் சர்க்கரை அளவு 5 mmol/L-க்குக் (90 mg/dL) கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே கிளம்ப வேண்டும். சிலிப்பர் மட்டும் வேண்டவே வேண்டாம். மூடிய காலணி அணியச் சொல்லி, திரும்பியதும் கால் விரலிடுக்குகளில் புண் ஏதும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.