நம்ம செட்டு, நம்ம பாட்டு: வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு ஹிப்-ஹாப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். எந்த மைக் வாங்கலாம், எந்த சாஃப்ட்வேர் நல்லது என்றுதான் வரும் என நினைத்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நண்பர்களைப் பற்றியே இருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, நாங்க நாலு பேர். ஒருத்தன் பீட் போடுவான், ரெண்டு பேர் எழுதிப் பாடுவோம், இன்னொருத்தன் வீடியோ எடுத்து எடிட் பண்ணுவான். ஒரு பாட்டு நல்லா ஓடிடுச்சு, இப்ப அது யார் பாட்டுன்னு சண்டை. எழுதி வெச்சுக்கலாம்னு நான் சொன்னா, "ஃப்ரெண்ட்ஸுக்குள்ள எதுக்குடா பேப்பர்"னு கோவிச்சுக்குறாங்க. (வாசகர், வியாசர்பாடி)

தம்பி, எழுதி வையுங்கள். கோவித்துக்கொண்டாலும் பரவாயில்லை, உட்கார வைத்து எழுதுங்கள். நட்பு கெட்டுப்போகும் என்றுதானே பயப்படுகிறார்கள், பேப்பர் இல்லாததால்தான் இப்போது கெட்டுக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். "யார் பாட்டு" என்ற கேள்விக்கே ஒற்றைப் பதில் கிடையாது. நம் நாட்டுக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில், அதாவது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில், வரிகள் ஒரு படைப்பு, இசை ஒரு படைப்பு, ஒலிப்பதிவு ஒரு படைப்பு, வீடியோ இன்னொரு படைப்பு. எழுதியவர்கள் வரிகளுக்குச் சொந்தக்காரர்கள், பீட் போட்டவர் இசைக்குச் சொந்தக்காரர், ஆக உங்கள் நாலு பேரில் யாரும் சும்மா கூட வந்தவர் இல்லை. யாருடைய பங்கு எது என்று பிரிக்கவே முடியாதபடி சேர்ந்து செய்திருந்தால் அதைக் கூட்டுப் படைப்பு என்று சட்டமே சொல்கிறது. இதற்கெல்லாம் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, உருவாக்கிய அன்றே உரிமை வந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது ஒரு பக்கத் தாள், அவ்வளவுதான். தொழிலில் இருப்பவர்கள் ஸ்ப்ளிட் ஷீட் என்பார்கள். பாட்டின் பெயர், தேதி, ஒவ்வொருவரின் முழுப்பெயர், அவர் செய்த வேலை, வரிகளிலும் இசையிலும் அவருக்கு எத்தனை சதவீதம், ஒலிப்பதிவில் எத்தனை, எல்லோருடைய கையெழுத்து. பாட்டு முடிந்த அன்றைக்கே, யூடியூபில் ஏற்றுவதற்கு முன்னாலேயே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் ஓடாத பாட்டுக்கு யாரும் சண்டை போட மாட்டார்கள், ஓடின பிறகு ஒவ்வொருவருடைய ஞாபகமும் ஒவ்வொரு மாதிரி ஆகிவிடும். டீ குடிக்கும்போது ஒருத்தன் சும்மா முணுமுணுத்த மெட்டுதான் ஹூக் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பகுதி) ஆனது என்றால் அவன் பெயரும் அதில் வர வேண்டும்.

வெளியே ஒரு கம்பெனி வந்து பாட்டைக் கேட்டால் இன்னும் கவனம் தேவை. உரிமையை எழுத்தில், கையெழுத்தோடு கொடுத்தால்தான் செல்லும். அந்தத் தாளில் எத்தனை வருஷம் என்று போடவில்லை என்றால் 5 வருஷம் என்றும், எந்த நாடு என்று போடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012இல் வந்த திருத்தம் இன்னும் முக்கியம்: சினிமாவுக்குப் பாட்டைக் கொடுத்த பிறகும், தியேட்டருக்கு வெளியே அது பயன்படும்போது வரும் ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள பங்கை அந்தக் கம்பெனி எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் அந்தப் பணத்தை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் 1969இலிருந்து இருக்கிறது, பாட்டு வெளியே போகத் தொடங்கியதும் உறுப்பினர் ஆகிவிடுங்கள்.

உங்கள் நண்பர்களுக்கு ஒரு கதை சொல்லுங்கள். உலகம் முழுக்க ஓடிய முதல் ராப் பாட்டு 1979இல் வந்த 'ராப்பர்ஸ் டிலைட்'. அதைப் பாடிய மூன்று பேரில் ஒருவர் பிக் பேங்க் ஹேங்க், அவர் பாடிய வரிகள் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற நியூயார்க் பிராங்க்ஸ் பகுதிக் கலைஞருடையவை. இருவரும் பழகியவர்கள்தான், காஸின் நோட்டிலிருந்து அப்படியே எடுத்துப் பாடிவிட்டார், எவ்வளவு அப்படியே என்றால் காஸ் தன் மேடைப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும் வரியைக்கூட மாற்றவில்லை. காஸின் பெயர் ரெக்கார்டில் வரவில்லை, பணமும் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் ஹிப்-ஹாப் வரலாறு பேசுகிற எல்லோரும் அந்த அநியாயத்தைச் சொல்கிறார்கள். உங்கள் செட்டில் அது நடக்க வேண்டாம்.

கேள்வி: என் மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். சாயங்காலமானால் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போய் நாலு பசங்களோடு வட்டமாக நின்று தலைகீழாகச் சுற்றுகிறான். கேட்டால் சைஃபர் என்கிறான். சேர்க்கை சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, திருவான்மியூர்)

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. சைஃபர் என்பது அந்த வட்டம்தான். ஒருவர் நடுவில் போய் ஆடுவார் அல்லது பாடுவார், மற்றவர்கள் தாளம் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள், அவர் வெளியே வந்ததும் அடுத்தவர். உள்ளே போனவன் சறுக்கினால் சுற்றி நிற்பவர்கள் விட்டுவிடாமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டு அவனைத் தூக்கி நிறுத்துவார்கள். இதை ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் உங்களுக்கே பிடித்துவிடும்.

இதன் தொடக்கத்தையும் சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தெருவுக்குத் தெரு இளைஞர் கும்பல்கள், வெட்டும் குத்துமாக இருந்தார்கள். 1971 டிசம்பரில் கெட்டோ பிரதர்ஸ் என்ற குழுவிலிருந்து சமாதானம் பேசப் போன பிளாக் பெஞ்சி என்ற இளைஞரைக் கொன்றுவிட்டார்கள். பழிவாங்கக் கிளம்புவார்கள் என்றுதான் ஊரே எதிர்பார்த்தது. அந்தக் குழுவினர் பழிவாங்கவில்லை. டிசம்பர் 8ஆம் தேதி ஹோ அவென்யூவில் எல்லாக் கும்பல்களையும் உட்கார வைத்துப் பேசினார்கள். கெட்டோ பிரதர்ஸ் ஒரு இசைக்குழுவும்கூட, அதற்குப் பிறகு எதிர்க்கும்பல் பையன்களும் அவர்கள் வாசிப்பைக் கேட்க வந்தார்கள். ஒருவர் தெருவுக்குள் இன்னொருவர் உயிர்பயமில்லாமல் போக முடிந்ததால்தான் இரண்டு வருஷம் கழித்து அங்கே பார்ட்டிகள் பிறந்தன, ஹிப்-ஹாப் பிறந்தது. அதனால் அந்த வட்டத்தைக் கெட்ட சேர்க்கை என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்ட வேண்டாம்.

அந்த ஆட்டம், பிரேக்கிங், 2024 பாரீஸ் ஒலிம்பிக்கிலேயே போட்டியாக நடந்தது. டி.ஜே. அடுத்து என்ன பாட்டு போடப்போகிறார் என்று ஆடுபவருக்குத் தெரியாது, கேட்டுக் கேட்டே ஆட வேண்டும். கனடாவின் ஃபில் விசார்டும் ஜப்பானின் அமியும் தங்கம் வாங்கினார்கள்.

நீங்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டியது வேறு. எந்தத் தரையில் தலைகீழாகச் சுற்றுகிறான்? சொரசொரப்பான சிமெண்டில் வேண்டாம், வழவழப்பான தரை வேண்டும், தலைக்குத் துணித்தொப்பி வேண்டும், கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் வார்ம்-அப் செய்யாமல் ஆரம்பிக்கக் கூடாது. ஒரு நாள் நீங்களும் போய்ப் பாருங்கள், தண்ணீர் பாட்டிலோடு போனால் எல்லாப் பையன்களும் "ஆன்ட்டி" என்று ஓடி வருவார்கள்.

கேள்வி: பேட்டிலில் (நேருக்கு நேர் ராப் போட்டியில்) நண்பனையே திட்டிப் பாடலாமா? (வாசகர், கொளத்தூர்)

பாடலாம். அவன் வரி, அவன் ஃப்ளோ (தாளத்தில் வரிகள் ஓடும் விதம்), அவன் அலட்டல் எல்லாம் உங்கள் கையில். அவன் வீட்டுப் பெண்கள், சாதி, உடம்பு இதையெல்லாம் தொடாதீர்கள். அங்கே போகிறவன் வரி பஞ்சத்தில் இருக்கிறான் என்று கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: நான் கானா பாடுபவன். அண்ணன் தம்பியாகப் பழகும் ராப் பசங்க ஹூக் பாடக் கூப்பிடுகிறார்கள். கானா அவர்கள் பீட்டில் உட்காருமா? எங்கள் பாட்டு கரைந்துவிடாதா? (வாசகர், காசிமேடு)

உட்காரும் அண்ணே, ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடை ஏறியது, இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானா பாடகர்கள், ராப்பர்கள், கிதார், டிரம்ஸ், பறை, சட்டி மேளம், எல்லாம் ஒரே மேடையில். 'சாதியற்ற தமிழர்' என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லிலிருந்து குழுவுக்குப் பெயர் வந்தது. அங்கே கானா கரையவில்லை. ராப் வந்து கானாவுக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதானே, தன் தெருவை, தன் சாவை, தன் காதலை, தன் கோபத்தைத் தாளத்தில் வைத்துப் பேசுவது.

ஆனால் உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. நிறைய இடத்தில் கானாக்காரரைக் கூப்பிட்டு நாலு வரி பாடச் சொல்லி, அதை வெட்டி ஒட்டி, பெயரைக் கடைசியில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். அதனால் போவதற்கு முன் சில விஷயங்களைப் பேசிவிடுங்கள். பீட்டை முதலில் போட்டுவிட்டு அதற்குள் உங்களை அடைக்காமல், நீங்கள் சட்டியோடு பாடுவதை முதலில் பதிவு செய்யச் சொல்லுங்கள், பீட் போடுபவர் அந்த நடையைக் கேட்டு அதன் மேல் கட்டட்டும். கானா பாடும்போது நீங்கள் இழுப்பதும் முந்துவதும்தான் அழகு, கம்ப்யூட்டரில் அதைக் கட்டம் கட்டி நேராக்கினால் உயிர் போய்விடும். மெட்டு உங்களுடையது என்றால் இசையிலும் உங்களுக்குப் பங்கு உண்டு, பாடியதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். உங்கள் கூட சட்டி அடிக்கிற தம்பியின் பெயரும் வர வேண்டும் என்று கேளுங்கள், அவன் தானாகக் கேட்க மாட்டான்.

கேள்வி: எங்கள் குழுவில் நான் ஒருத்திதான் பெண். வெர்ஸ் (தனியாக ராப் செய்யும் பகுதி) எழுதிக்கொண்டு போனாலும் "நீ கோரஸ் பாடு, போதும்" என்கிறார்கள். நல்ல நண்பர்கள்தான், ஆனாலும் வலிக்கிறது. (வாசகி, பெரம்பூர்)

வலிக்கத்தான் செய்யும் தங்கச்சி. நல்ல நண்பர்கள் என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள்: அடுத்த பாட்டில் 16 வரி என்னுடையது என்று.

ஹிப்-ஹாப் பிறந்த பார்ட்டியை நடத்தியதே ஒரு பெண். 1973 ஆகஸ்ட் 11, பிராங்க்ஸில் 1520 செட்விக் அவென்யூ. பள்ளி திறப்பதற்கு முன் புதுத் துணி வாங்கக் காசு வேண்டும் என்று சிண்டி கேம்ப்பெல் தங்கள் கட்டடத்தின் பொழுதுபோக்கு அறையை எடுத்து, நுழைவுக் கட்டணம் வைத்து, அண்ணனைப் பாட்டு போடச் சொன்னார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். அந்த அண்ணன்தான் டி.ஜே. கூல் ஹெர்க். ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை வைத்து, ஆடுபவர்களுக்குப் பிடித்த டிரம்ஸ் பகுதியை மட்டும் நீட்டிக்கொண்டே போன மனிதர். அவருடைய நண்பர் கோக் லா ராக் மைக்கைப் பிடித்தார். தங்கை, அண்ணன், நண்பன், இந்த மூன்று பேரும் சேர்ந்ததில்தான் எல்லாம் தொடங்கியது, ஆனால் சிண்டியின் பெயரை விட்டுவிட்டே பலர் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு.

ஃபங்கி ஃபோர் பிளஸ் ஒன் என்ற குழுவில் ஷா-ராக் ஒருவர்தான் பெண், அவர் கோரஸ் பாடவில்லை, வெர்ஸ் பாடினார். அந்தக் குழு 1981இலேயே அமெரிக்காவின் தேசியத் தொலைக்காட்சியில் வந்துவிட்டது. நம்ம ஊரில் கானா என்றாலே ஆண்கள் என்று இருந்த இடத்தில் இசைவாணி நின்று பாடினார், 2020இல் பிபிசி தேர்ந்தெடுத்த 100 பெண்களில் அவரும் ஒருவர்.

நேரில் சொல்லிப் பாருங்கள். அப்படியும் இடம் தரவில்லை என்றால் நட்பை வைத்துக்கொள்ளுங்கள், பாட்டை வேறு ஆட்களோடு செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் க்ரூவில் ஒருவனுக்கு சினிமா வாய்ப்பு வந்திருக்கிறது. போனால் துரோகம் என்கிறார்கள் மற்றவர்கள். போகட்டும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? (வாசகர், கண்ணகி நகர்)

நீங்கள் சொல்வதுதான் சரி. ஊ-டாங் கிளான் என்று நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்ட் பக்கத்து ஒன்பது பேர் ராப் குழு, முதல் ஆல்பம் 1993இல் வந்தது. ரெக்கார்டு கம்பெனியோடு அவர்கள் போட்ட ஒப்பந்தத்திலேயே ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக இருந்தார்கள்: குழுவாக இந்தக் கம்பெனிக்குப் பாடுவோம், தனியாக ஒவ்வொருவரும் எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் போவோம். அப்படியே மெத்தட் மேன் ஒரு கம்பெனிக்கும், ஜிஸா இன்னொரு கம்பெனிக்கும், ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் வேறொன்றுக்கும் போனார்கள். ஒருவர் தனி ஆல்பத்தில் மற்றவர்கள் வந்து பாடினார்கள், குழுவில் ஒருவரான ரிஸா பீட் போட்டார். ஒவ்வொருவர் பெயர் வளர வளர குழுவின் பெயரும் வளர்ந்தது.

எல்லோருக்கும் அப்படி அமைந்துவிடாது. ஏ டிரைப் கால்டு குவெஸ்ட் என்ற ராப் குழுவின் க்யூ-டிப்பும் ஃபைஃப் டாக்கும் நியூயார்க்கின் குயின்ஸில் சின்ன வயதிலிருந்தே நண்பர்கள், 1998இல் பிரிந்துவிட்டார்கள், மனக்கசப்பு வருஷக்கணக்காக இருந்தது. பிறகு மறுபடி சேர்ந்து ஆல்பம் செய்தார்கள், அது வெளிவந்தது 2016 நவம்பரில், ஃபைஃப் அந்த வருஷம் மார்ச்சிலேயே இறந்துவிட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடும். இடைப்பட்ட வருஷங்களில் இன்னும் எத்தனை பாட்டு வந்திருக்கும்!

அதனால் உங்கள் நண்பனை வாழ்த்தி அனுப்புங்கள். இரண்டு விஷயம் மட்டும் பேசிக்கொள்ளுங்கள். க்ரூவின் பெயரையும் பழைய பாட்டுகளையும் யார் எங்கே பாடலாம் என்று இப்போதே முடிவு செய்யுங்கள், அதையும் எழுதி வையுங்கள். அப்புறம் வாரத்தில் ஒரு சாயங்காலத்தை விடாதீர்கள், கண்ணகி நகரிலேயே 2020இல் வரைந்த அந்தப் பெரிய சுவரோவியங்களுக்குக் கீழே எங்கேயாவது வட்டம் போட்டு நில்லுங்கள். ஷூட்டிங் இருந்தால் அவன் வர மாட்டான், இல்லாத வாரம் வருவான். வந்ததும் "ஸ்டார் வந்துட்டார்" என்று குத்திக் காட்டாமல் மைக்கைக் கொடுங்கள்.