வயது வித்தியாசம் உள்ள நண்பர்களோடு பழைய படங்களைச் சேர்ந்து பார்ப்பதில் என்ன கிடைக்கிறது?

தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவரோடு பழைய தமிழ்ப் படங்கள் பார்க்க ஆசை, ஆனால் படம் முடிந்ததும் பேச என்ன இருக்கும், அவர் 'அந்தக் காலத்துல' என்று ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஆரம்பியுங்கள். பாளையங்கோட்டையில் நாங்கள் சில வருடங்களாக இதைச் செய்து வருகிறோம். நான் பார்த்தவரை, இதில் அதிகம் பெறுகிறவர் முதல் தடவை பார்க்கும் சின்னவர் இல்லை. அந்தப் படத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று நாம் நினைக்கிற பெரியவர்தான்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி எழுபதைத் தாண்டியவர், சினிமா தியேட்டரில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்து டீச்சர், பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவர். நான் ஐம்பதை நெருங்குகிறேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, அவளோடு கல்லூரியில் படித்த ஒரு தம்பி. இரண்டு பேருக்கும் இருபத்து மூன்று, இருபத்து நாலு இருக்கும். சனிக்கிழமை ராத்திரி டீச்சர் வீட்டு ஹாலில் கூடுவோம். அண்ணாச்சியை அந்தப் பெண்ணும் 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவாள், தாத்தா என்று கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார்.

அண்ணாச்சி ஓட்டிய படங்களைக் கணக்கெடுக்க முடியாது. ஒரே படத்தை ஒரு நாளில் மூன்று, நான்கு காட்சி ஓட்டியிருக்கிறார். அதனால் எல்லாப் படமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு நாள் ஏதோ ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. தியேட்டர் பிரிண்டிலிருந்து எடுத்த பிரதி போலிருக்கிறது, படம் முழுக்கக் கோடு. அண்ணாச்சி திடீரென்று நாற்காலியின் நுனிக்கு வந்தார், வலது கை தானாக எழுந்தது. 'என்ன அண்ணாச்சி?' என்று தம்பி பதறினான். 'புள்ளி வந்துட்டுல்லா' என்றார்.

திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி. எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. அவர் விளக்கினார். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடம் ஓடும். பக்கத்து மெஷினில் அடுத்த ரீல் தயாராக இருக்க வேண்டும். முதல் புள்ளி வந்ததும் அந்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும், ஏழு விநாடி போல கழித்து இரண்டாவது புள்ளி வரும், அந்த நொடியில் மாற்றிவிட வேண்டும். தவறினால் திரை வெள்ளையாகிவிடும், கீழே விசில் பறக்கும். இதற்கு நடுவில் மெஷினுக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகள் எரிந்து குறைந்துகொண்டே வரும், இரண்டுக்கும் உள்ள இடைவெளியைத் திருகித் திருகிச் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் மங்கும். கேபினுக்குள் மெஷின் சத்தத்தில் வசனம் பாதிதான் காதில் விழும்.

ஆக, அத்தனை படத்தையும் அவர் ஒரு சின்னச் சதுர ஓட்டை வழியாக, மூலையில் வரும் புள்ளியை எதிர்பார்த்துத்தான் பார்த்திருக்கிறார். கதை அவருக்கு ரீல் கணக்கில்தான் ஞாபகம். 'அது ஏழாவது ரீல்ல வரும்' என்பார். உட்கார்ந்து, கையில் வேலை இல்லாமல், முதலிலிருந்து கடைசிவரை படம் பார்ப்பது அவருக்கு எங்களோடுதான் வாய்த்திருக்கிறது. 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடம் எல்லாருக்கும் தெரியும். கதவு கிறீச்சிடுவதில் இருந்து எல்லாச் சத்தத்தையும் நாகேஷ் வாயாலேயே போடுகிறார் என்பதை அண்ணாச்சி அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டார். கேபினில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பாலையாவின் முகமும், கீழே இருந்து வரும் சிரிப்புச் சத்தமும்தான். இரண்டாவது தடவை போடச் சொன்னார். போட்டோம்.

டீச்சர் கதை இதற்கு நேர் எதிர். அவர் வளர்ந்த ஊரில் கோயில் கொடை என்றால் குழாய் ரேடியோவில் 'திருவிளையாடல்' (1965) கதை வசனம் கட்டாயம் உண்டு. படத்தைக் கண்ணால் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பே தருமியின் வசனம் அவருக்கு மனப்பாடம். இப்போதும் டிவியில் நாகேஷ் வாய் திறப்பதற்கு முன்னால் டீச்சர் உதடு அசையும். ஆனால் அந்தப் பெண் வசனத்தை விட்டுவிட்டு, 'டீச்சர், அவர் காலைப் பாருங்க' என்றாள். மண்டபத்தில் தனியாகப் புலம்பும்போது நாகேஷின் கால் ஓர் இடத்தில் நிற்பதில்லை. பரிசு வேண்டும் என்கிற ஆசை ஒரு பக்கம் இழுக்கிறது, பாட்டு எழுத வரவில்லையே என்கிற வெட்கம் இன்னொரு பக்கம் இழுக்கிறது, உடம்பு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வருகிறது. காதால் மட்டுமே அந்தக் காட்சியை அறிந்திருந்த டீச்சர் அன்றைக்கு வசனம் சொல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

பதிலுக்கு டீச்சர் கொடுத்ததும் சின்ன விஷயம் இல்லை. சிவபெருமான் தருமிக்கு எழுதிக் கொடுக்கும் 'கொங்குதேர் வாழ்க்கை' குறுந்தொகையில் இரண்டாவது பாட்டு, பாடியவர் பெயர் இறையனார் என்றே இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். படத்துக்காக யாரோ எழுதியது என்றுதான் தம்பி நினைத்திருந்தான். நக்கீரராக வந்து, 'குற்றம் குற்றமே' என்று கடவுளிடமே வாதாடுகிறவர் படத்தின் இயக்குநர் ஏ.பி.நாகராஜனேதான் என்பதும் அவனுக்குப் புதிது. 'டைரக்டரே அந்த வேஷத்தை எடுத்துக்கிட்டாரா!' என்று அந்த இடத்தை மறுபடி ஓட்டினான். ஒன்றரை மடங்கு வேகத்தில் படம் பார்த்துப் பழகியவன் அவன்.

சரி, ரசனைப் பேச்சு மட்டும்தானா என்றால் இல்லை. சண்டையும் வரும். எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் வந்தது 'அவள் அப்படித்தான்' பார்த்த அன்றைக்கு. ருத்ரய்யா இயக்கி 1978 தீபாவளிக்கு வந்த படம். ஸ்ரீபிரியாவின் மஞ்சு, பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் கமல், பெண்களை மட்டமாகப் பேசும் விளம்பர நிறுவன முதலாளியாக ரஜினி. அதே தீபாவளிக்குத்தான் 'சிகப்பு ரோஜாக்கள்' படமும் வந்தது என்று அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தார். இரண்டிலும் கமல், இரண்டுக்கும் இளையராஜா. ஒன்றில் பெண்களைக் கொல்கிறவன், இன்னொன்றில் பெண்களைப் புரிந்துகொள்ள மைக் பிடிக்கிறவன். 'எதுக்குக் கூட்டம் வந்துச்சு அண்ணாச்சி?' என்று அந்தப் பெண் கேட்டாள். 'இதென்ன கேள்வி, ரோஜாவுக்குத்தான்' என்றார்.

அதோடு நிற்கவில்லை. அந்தக் காலத்தில் மஞ்சுவைப் பார்த்து, 'இவளுக்கு என்னதான் வேணும்' என்று சலித்துக்கொண்டதாகச் சொன்னார் அண்ணாச்சி. மருந்துக்கடைப் பெண் விடவில்லை. மஞ்சு கேட்கிறது ரொம்பச் சாதாரணமான விஷயம், தான் பேசுவதை ஒருத்தராவது முழுசாகக் கேட்க வேண்டும் என்பதுதான், கமல்கூட படம் எடுக்கத்தானே கேட்கிறார் என்றாள். டீச்சர் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். நான் கமலுக்காகப் பேசினேன், ஒரு நல்ல மனிதனை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது என்று இப்போதும் நினைக்கிறேன். ராத்திரி பன்னிரண்டு வரை பேச்சு ஓடியது. மறுநாள் காலையில் அண்ணாச்சி மருந்துக்கடைக்கே போய், 'எம்மா, நீ சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு' என்று ஆரம்பித்து, கடையில் நின்றவர்கள் முன்னால் படத்தின் கடைசிக் காட்சியைப் பேசிவிட்டு வந்திருக்கிறார். எழுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர், தான் நாற்பது வருடத்துக்கு மேலாக வைத்திருந்த எண்ணத்தை ஒரு ராத்திரியில் எடுத்துப் பார்க்கிறார். இந்த ஒன்றுக்காகவே நீங்கள் ஆரம்பிக்கலாம் என்பேன்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) பற்றியும் சொல்ல வேண்டும். சிவாஜி நிஜமாகவே நாதஸ்வரம் வாசித்தாரா என்று தம்பி கேட்டான். வாசித்தது எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் அவர்களுக்கு உருவம் கொடுத்தது சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும். இது தெரிந்த பிறகு அவன் சிவாஜியின் கன்னத்தையும் கழுத்து நரம்பையும் விரலையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். எங்கே மூச்சு எடுக்க வேண்டுமோ அங்கே தோள் ஏறுகிறது.

ஆனால் அன்றைக்குப் பேச்சைத் திருப்பியது வடிவாம்பாள். நாட்டியக்காரி மோகனாவின் அம்மா, சி.கே. சரஸ்வதி நடித்த பாத்திரம். மகளைப் பணக்காரர் ஒருவருக்குச் சேர்த்துவிடத் துடிக்கும் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பதும் எரிச்சல்படுவதும் எங்கள் பழக்கம். அந்தப் பெண், 'அவங்களுக்கு வேற என்ன வழி தெரியும்?' என்று கேட்டாள். டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டு, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கம், முத்துலட்சுமி ரெட்டி அதை ஒழிக்கப் போராடியது, சென்னை மாகாணத்தில் 1947-இல் தடைச் சட்டம் வந்தது எல்லாவற்றையும் சொன்னார். கொத்தமங்கலம் சுப்பு விகடனில் தொடராக எழுதிய கதை அந்த உலகத்தின் கடைசிக் காலத்தில் நடக்கிறது. மகள் அந்த வாழ்க்கையிலிருந்து வெளியே போகிறாள், அம்மாவுக்கு அந்த ஒரு வாழ்க்கைதான் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தால் சி.கே. சரஸ்வதியின் நடிப்பில் பேராசைக்கு அடியில் ஒரு பயமும் தெரிகிறது. மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி ஊர் ஊராக ஆடி நடித்து, தன் சோற்றைத் தானே சம்பாதிக்கிறவள் என்பதும் அப்போதுதான் எடுப்பாகத் தெரிந்தது. இத்தனை வருடம் அவளை நான் காமெடி பாத்திரமாக மட்டுமே பார்த்து வந்திருக்கிறேன்.

எனக்கும் ஒரு நாள் வந்தது. அந்த இருவருக்கும் பழைய படம் என்றால் 'அலைபாயுதே' (2000). எனக்கு அது நேற்று வந்த படம். மருத்துவ முகாமுக்குப் போன ஷாலினியைத் தேடி மாதவன் கேரளா வரை போவதைப் பார்த்து, 'அவங்க வேண்டாம்னு சொல்லிட்டு வந்த பிறகும் எதுக்கு அண்ணே இவர் போறார்?' என்றாள் அந்தப் பெண். அது காதல் என்று சொல்ல வாய் வந்தது. அண்ணாச்சி, மஞ்சு விஷயத்தில் தான் பட்டதை இப்போது நான் படுகிறேன் என்று நன்றாகவே ரசித்தார். பிறகு அவரே படத்தின் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு ஒரே வீட்டில் பாத்திரம் கழுவுவதற்கும் லேட்டாக வருவதற்கும் சண்டை போடும் பகுதிதான் படம், முதல் பாதி அதற்கு முன்கதை என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

வீட்டில் அப்பா அம்மாவோடு பார்த்தால் இதெல்லாம் கிடைக்காதா என்று நினைக்கலாம். கொஞ்சம் கிடைக்கும். ஆனால் வீட்டில் மஞ்சுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது நம் வீட்டுப் பெண்ணைப் பற்றிய பேச்சாகத் திரும்பிவிடும், உடனே எல்லாரும் எச்சரிக்கையாகிவிடுவோம். நண்பர்களுக்குள் அந்தப் பயம் இல்லை.

நீங்கள் எப்படி ஆரம்பிப்பது? சட்டம் எதுவும் வேண்டாம். எங்களுக்குச் சரிப்பட்டதைச் சொல்கிறேன். படம் ஓடும்போது பெரியவர் கதையை முன்கூட்டிச் சொல்லக் கூடாது, இது ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். முடிந்ததும் முதலில் பேச வேண்டியவர், அந்தப் படத்தை அன்றைக்கு முதல் தடவை பார்த்தவர். பெரியவர் முதலில் பேசிவிட்டால் சின்னவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அத்தோடு கதை முடிந்தது. பாட்டுகளை ஓட்டிவிடாதீர்கள், 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் 'நலந்தானா' பாட்டைத் தள்ளிவிட்டால் அடிபட்டுக் கிடந்தவனிடம் மோகனா என்ன கேட்கிறாள் என்பதே போய்விடும். நீளமான படத்தை இரண்டு நாளாகப் பிரித்துப் பார்ப்பதில் ஒரு தவறும் இல்லை. படத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை ஆளுக்கு ஒரு வாரம் என்று மாறி மாறி வரட்டும். 'அந்தக் காலத்துல' என்று அவர் ஆரம்பித்தால் நிறுத்தாதீர்கள், எந்தத் தியேட்டர், யாரோடு போனீர்கள், எந்த இடத்தில் கை தட்டினார்கள் என்று கேளுங்கள். பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தவர் குறிப்பாகப் பேச ஆரம்பித்துவிடுவார்.

முதல் வாரம் 'காதலிக்க நேரமில்லை' போடுங்கள், எந்த வயதுக்காரருக்கும் அது போதும். அடுத்த வாரம் 'அந்த நாள்' (1954). எஸ். பாலசந்தர் இயக்கியது. ஒரு பாட்டுகூடக் கிடையாது. 1943-இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதை ஒட்டி நடக்கும் கொலைக்கதை, படம் ஆரம்பிக்கும்போதே சிவாஜி சுடப்பட்டுச் செத்துவிடுகிறார். யார் சுட்டது என்று நடுவில் படத்தை நிறுத்தி ஆளுக்கு ஒரு பெயர் எழுதச் சொல்லுங்கள். எங்கள் தம்பி சரியாக எழுதினான். ஏன் அந்தப் பெயரை எழுதினான் என்பதைப் பேசியே அன்றைய ராத்திரி போனது.