சத்துமாவு கொஞ்சம் பொறுக்கட்டும்

கேள்வி: மகளுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. மாமியார் பதினெட்டுப் பொருள் வறுத்து, சத்துமாவு அரைத்து வைத்திருக்கிறார். இரண்டாம் நாள் கஞ்சி குடித்த அரைமணி நேரத்தில் வயிற்றில் தடிப்புத் தடிப்பாக வந்தது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த மாவை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கவே முடியாது. கோதுமை, சோயா, வேர்க்கடலை, முந்திரி, எள் எல்லாம் ஒரே கரண்டியில் போகின்றன. மாவை நிறுத்திவிட்டு, அதில் போட்டவற்றை எழுதி எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரைப் பாருங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வரும் தடிப்பு அலர்ஜியாக இருக்கலாம். அடுத்த முறை உதடு, கண்ணிமை வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, குழந்தை துவண்டாலோ வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தக்காளி, ஆரஞ்சு தின்றபின் வாயைச் சுற்றி மட்டும் சிவப்பது பெரும்பாலும் புளிப்புப் பட்ட எரிச்சல்தான்.

மருத்துவர் சரி என்றதும் பச்சரிசியை மட்டும் குழைய வேகவைத்து மசியுங்கள். காலையில் இரண்டு மூன்று டீஸ்பூன் போதும். மூன்று நாள் அதுவே. பிறகு பாசிப்பருப்பு, அடுத்த மூன்று நாள் கழித்துக் கேரட் என ஒவ்வொன்றாகச் சேருங்கள். புதிய உணவைக் காலையில் கொடுப்பது ஏனென்றால், ராத்திரி பதினோரு மணிக்குத் தடிப்பு வந்தால் யாரைப் போய்ப் பார்ப்பது? கஞ்சியை நீர்க்கக் கரைக்காதீர்கள். வயிறு நிரம்பும், சத்து சேராது. ஸ்பூனைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் வேண்டும். தாய்ப்பால் தொடரட்டும். உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம்.

கேள்வி: முட்டை, வேர்க்கடலை ஒரு வயதுக்குப் பிறகுதானே?
வாசகர், திண்டுக்கல்

பதில்: அது பழைய கணக்கு. கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த குழந்தைகளை வைத்து லண்டனில் நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. முதல் வயதுக்குள்ளேயே வேர்க்கடலை தின்னத் தொடங்கியவர்களுக்கு, ஐந்து வயதில் அந்த அலர்ஜி மிகக் குறைவாகவே இருந்தது. அதற்காக முழுக் கடலையைக் கொடுத்துவிடாதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும். வறுத்துத் தோல் நீக்கி, நைசாக அரைத்த விழுதில் கால் டீஸ்பூனைக் கஞ்சியில் கலக்குங்கள். முட்டை நன்றாக வெந்திருக்க வேண்டும், ஆஃப்பாயில் கூடாது. ஒத்துக்கொண்டால் வாரம் இரண்டு முறையாவது தொடருங்கள். கரப்பான் உள்ள குழந்தைக்கும், ஏற்கெனவே தடிப்பு வந்த குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்காமல் தரவேண்டாம்.

உண்மையிலேயே ஒரு வயது வரை தள்ளவேண்டியது தேன்தான். அதிலுள்ள கிருமி விதைகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம். பாட்டி சேனை வைக்க ஆசைப்பட்டாலும் விடாதீர்கள்.